பழைய அலமாரியைப் போட்டுவிடாதீர்கள்

(நம் அறக்கட்டளையின் மகளிர் கைத்தொழில் பிரிவு சார்பில் பெண்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வர முடியாத சகோதரிகள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)





இன்று நாம் பேசப் போவது பழைய மரச்சாமான்களுக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்டுவது பற்றி. "பெயிண்ட் அடிப்பதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வந்த ஒரு தாயின் கதையைச் சொன்னால் காரணம் புரிந்துவிடும்.

அவருடைய மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் பெண்ணோடு ஒரு பீரோ போகாவிட்டால் தெருவில் என்ன பேசுவார்களோ என்ற பயம் அந்தத் தாய்க்கு. கடையில் தவணைக்கு விசாரித்து வைத்திருந்தார். முன்பணம் கட்ட வழியில்லை. அதற்குத்தான் கடன் கேட்டு வந்தார்.

விவரம் அறிய அவருடைய வீட்டுக்கு நாங்கள் போனோம். உள்ளறையில் ஆறடி உயரத்தில் ஒரு மர அலமாரி நின்றது. அந்தத் தாயின் உம்மா காலத்துச் சாமான். ஒரு கதவு கீல் கழன்று தொங்கியது. பழைய பாலிஷ் கறுத்துப் பிசுபிசுத்தது. "பழைய சாமான்காரர் வந்தா போட்டுடலாம்னு வச்சிருக்கோம் லாத்தா" என்றார்.

கதவைத் தட்டிப் பார்த்தோம். தேக்கு இல்லை. ஆனால் கெட்டியான நாட்டு மரம். கரையான் இல்லை, உளுப்பும் இல்லை. அவர் தவணையில் வாங்க இருந்தது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பீரோ. அந்தப் பலகை ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்தாலே ஊதிவிடும். நல்ல மரத்தைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டுக் கடன் பட்டு அதை வாங்கப் போகிறாரே என்று எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

"இதையே புதுசு போல ஆக்கித் தந்தால் என்ன?" என்று கேட்டோம். "பழசை ஏத்தி அனுப்புனாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்று தாய் தயங்கினார். அதற்குள் கதவு ஓரத்தில் நின்ற மகள் சொன்னாள்: "உம்மா, உம்மம்மா அலமாரியத் தாங்க. அதுவே எனக்குப் போதும்."

நிக்காஹ்வுக்கு இன்னும் 18 நாள் இருந்தது. பொறுப்பை ஏற்றுக்கொண்டோம்.

முதலில் நாங்கள் செய்த தவறு

நாங்கள் நான்கு பேர். ஒருவருக்கும் அனுபவம் கிடையாது. ஈரத் துணியால் அலமாரியைத் துடைத்தோம். கடையில் நல்ல வெள்ளை எனாமல் ஒரு டின் வாங்கினோம். அன்று மாலைக்குள் முழுவதும் அடித்து முடித்து, கதவுகளையும் சாத்திவிட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போனோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தத் தாய் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், கதவுகள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. இழுத்துத் திறந்ததில் ஓரத்துப் பெயிண்ட் தோல் போல உரிந்து வந்தது. மற்ற இடங்களில் தேநீர் சிந்தியது போலப் பழுப்புக் கறை வெள்ளைக்கு மேலே கசிந்திருந்தது. அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் பேசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று தலை குனிந்து நின்றோம்.

அடுத்த தெருவில் ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். அவருடைய மர்ஹூம் கணவர் நாற்பது வருடம் பெயிண்டர் வேலை பார்த்தவர். அவரை அழைத்து வந்து காட்டினோம். நகத்தால் ஓர் இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்டு மேல பழி போடாதீங்கம்மா. நீங்க மரத்துக்கு அடிக்கல, அழுக்குக்கு அடிச்சிருக்கீங்க."

சகோதரிகளே, இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டிய விஷயம் இதுதான். பெயிண்ட் வேலையில் முக்கால் பங்கு, பெயிண்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மீதிக் கால் பங்குதான் வண்ணமும் பூ வேலையும்.

மிச்சம் இருந்தது 15 நாள். அந்த மூத்த சகோதரி சொல்லச் சொல்ல முதலிலிருந்து மறுபடி செய்தோம். அந்த வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறோம்.

மரத்தைத் தயார் செய்தல்

முதலில் கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கழற்றாமல் அவற்றைச் சுற்றிப் பெயிண்ட் அடித்தால் எத்தனை அழகாக அடித்தாலும் அவசர வேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்தது கழுவுதல். கை பட்ட இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். சமையலறைப் பக்கம் நின்ற சாமான் என்றால் இன்னும் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை துடையுங்கள். மரத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

பிறகு பழுது பார்த்தல். ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடினால் அந்த ஓட்டைக்குள் பெவிகால் தடவிய தீக்குச்சித் துண்டுகளைத் திணித்து, காய்ந்ததும் அதே இடத்தில் ஸ்க்ரூவை முடுக்குங்கள். கெட்டியாகப் பிடிக்கும். எங்கள் அலமாரியின் தொங்கிய கதவு இந்தத் தீக்குச்சி வைத்தியத்தில்தான் நிமிர்ந்தது. மரத்தில் ஊசித் துளைகளும் கீழே மாவு போன்ற பொடியும் தெரிந்தால் உளு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கான மருந்தை அடித்து, பொடி விழுவது நின்ற பிறகே பெயிண்டைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்து உப்புத்தாள். நாங்கள் விட்ட இடம் இதுதான். பழைய பாலிஷ் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது. முதலில் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் பெயிண்டுக்கு மேலேயும் தெரியும். மரம் வெளுக்கும் வரை தேய்க்க வேண்டியதில்லை. பளபளப்பு போய் மங்கலானால் போதும். ஒரு சின்னக் கட்டையில் தாளைச் சுற்றிப் பிடித்தால் கை நோகாது, மேடு பள்ளமும் வராது.

அந்தப் பழுப்புக் கறை ஏன் வந்தது? சில மரங்களின் சாறும் பழைய பாலிஷின் சாயமும் ஈரமான பெயிண்ட் பட்டதும் கரைந்து மேலே வரும். எத்தனை பூச்சு அடித்தாலும் நிற்காது. அதற்கு மருந்து அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் கடைகளில் கிடைக்கும். அதை இரண்டு கை பூசினால் கறையை உள்ளேயே பூட்டிவிடும். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதன் மேல் 220 உப்புத்தாளை லேசாக ஓட்டிவிட்டு வேலையைத் தொடரலாம்.

கடைசியாகப் பட்டி பார்ப்பதும் பிரைமரும். பள்ளம், கீறல், ஆணி ஓட்டைகளில் மரப் பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு மரத்துக்கான பிரைமர் ஒரு பூச்சு. அது ஒரு ராத்திரி காயட்டும். இப்போதுதான் மரம் வண்ணத்துக்குத் தயார்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஓர் எச்சரிக்கை

இதைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் அலமாரியில் இருந்தது பாலிஷ். உங்கள் வீட்டில் பழைய பெயிண்ட் பூசிய சாமான் இருக்கலாம். முற்காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, தண்ணீருக்குத் தாங்கும் உப்புத்தாளால் ஈரமாகவே தேயுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். என்95 முகக்கவசம் அணியுங்கள். முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது. முடிந்ததும் பெருக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். பெயிண்ட் செதில் செதிலாக உதிரும் பெரிய சாமான் என்றால் இந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

இன்னொன்று. டர்பன்டைன், ஸ்பிரிட், எண்ணெய் பெயிண்ட் எல்லாமே திறந்த இடத்தில், அடுப்புக்குத் தொலைவில் செய்ய வேண்டியவை. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

வண்ணம்

இப்போது வாசம் குறைந்த, தண்ணீரில் கலக்கும் எனாமல்கள் வந்துவிட்டன. வீட்டுக்குள் வேலை செய்யும் பெண்களுக்கு அவைதான் வசதி. வாங்கும்போது டின்னின் மேல் ஈயம் சேர்க்காதது என்று இருக்கிறதா பாருங்கள். ஆறடி அலமாரியின் முன்பக்கமும் இரு பக்கவாட்டும் சேர்ந்து ஏறத்தாழ 40 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் தாராளம். நாங்கள் முதல் தடவை பயந்து மூன்று லிட்டர் வாங்கிவிட்டோம். நீங்கள் அளந்து பார்த்து வாங்குங்கள்.

தடிப்பாக ஒரே பூச்சு அடிப்பதைவிட மெலிதாக இரண்டு பூச்சு நல்லது. ஒவ்வொன்றுக்கும் இடையில் டின்னில் சொன்ன நேரம் காய விடுங்கள். மழை நாளில் அதைவிடக் கூடுதலாகக் காத்திருங்கள். தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை கதவுகளைச் சாத்தி வைக்காதீர்கள், மேலே பாரம் வைக்காதீர்கள். கதவு ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் ஒட்டாது.

அலமாரியின் உட்பக்கத்துக்கு எண்ணெய் பெயிண்ட் வேண்டாம். அந்த வாசம் துணிகளில் ஏறிக்கொள்ளும். உள்ளே துடைத்து, லேசாகத் தேய்த்து, வெயில் காட்டினால் போதும்.

சாக் பெயிண்ட் பற்றிப் பலர் கேட்டீர்கள். 1990-இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி உருவாக்கிய வகை அது. சுண்ணாம்புக்கல் போல மங்கலாக, பளபளப்பில்லாமல் காயும். கிட்டத்தட்ட எதன் மேலும் பிடிக்கும். அதைப் போன்ற ஒன்றை வீட்டிலேயே கலக்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இரண்டையும் கட்டியில்லாமல் முதலில் கரைத்துக்கொண்டு, அதில் மூன்று பங்கு எமல்ஷன் பெயிண்ட் சேருங்கள். பொடி பறக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேண்டிய அளவே கலக்குங்கள், சீக்கிரம் இறுகிவிடும். அதன் மேல் வார்னிஷோ மெழுகோ கட்டாயம் பூச வேண்டும். இல்லாவிட்டால் கைக்கறை எல்லாம் குடித்துக்கொள்ளும்.

பூ வேலை: நான்கு எளிய முறைகள்

முதலாவது ஸ்டென்சில். நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது இது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துப் பழைய பள்ளிவாசல்களின் கல் வேலைப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். பூவும் கொடியும் கட்டங்களுமாகவே இருக்கும், உருவங்கள் இருக்காது. அந்த அழகை நம் அலமாரிக் கதவுக்கும் கொண்டு வரலாம். ஒரே அளவில் இரண்டு சதுரத் தாள்களை வெட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை நடுப்புள்ளி பொருந்த வைத்து, மேலே உள்ளதன் மூலைகள் கீழே உள்ளதன் பக்கங்களுக்கு நடுவில் வரும்படி திருப்புங்கள். எட்டு முனை நட்சத்திரம் கிடைத்துவிடும். முஸ்ஹஃபில் ஹிஸ்பின் கால் பகுதியைக் காட்டும் அடையாளத்தில் நாம் பார்ப்பது இதே வடிவம்தான். அதைப் பழைய எக்ஸ்ரே பிலிமில் வரைந்து, கூரான பிளேடால் நடுவை வெட்டி எடுத்தால் ஸ்டென்சில் தயார்.

பிலிமை டேப்பால் ஒட்டி, ஸ்பான்ஜில் பெயிண்டைத் தொட்டு, அதைப் பழைய தாளில் ஒற்றி முக்கால்வாசி எடுத்துவிட்டு, பிறகு கதவில் தட்டித் தட்டி வையுங்கள். தேய்க்கக் கூடாது. ஸ்பான்ஜில் பெயிண்ட் அதிகம் இருந்தால் பிலிமுக்கு அடியில் ஓடி, நட்சத்திரம் சிலந்தி போல ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் பிலிமின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததை வையுங்கள். கதவின் நடுவிலிருந்து தொடங்கினால் இரு ஓரங்களிலும் சரியாக முடியும்.

இரண்டாவது புடைப்பு வேலை. டமாஸ்கஸ், அதாவது திமிஷ்க் நகரத்துப் பழைய வீடுகளில் வரவேற்பறைச் சுவர்களை மரப்பலகையால் மூடியிருப்பார்கள். ஜிப்சத்தையும் பசையையும் குழைத்துப் பலகையின் மேல் பூக்களைப் புடைப்பாக எழுப்பி, பிறகு வண்ணமும் தங்க இழைப்பும் கொடுத்தார்கள். அதற்கு அஜமி வேலை என்று பெயர். ஹிஜ்ரி 1119, அதாவது 1707 என்று ஆண்டு குறித்த அப்படியோர் அறை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அந்த உஸ்தாதுகளின் கைத்திறன் நமக்கு வராது. ஆனால் அடிப்படை எளியது. ஸ்டென்சிலின் மேல் பெயிண்டுக்குப் பதில் கெட்டியான பட்டியைத் தகட்டால் இழுத்து நிரப்பி, உடனே பிலிமை நேராக மேலே தூக்குங்கள். ஒரு ராத்திரி காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, மேலே வண்ணம் பூசுங்கள். விரல் நுனியில் துளி பொன்வண்ணப் பெயிண்டைத் தொட்டு மேட்டில் மட்டும் தடவினால் பூ எழுந்து நிற்கும்.

மூன்றாவது இரட்டை வண்ணத் தேய்ப்பு. முதலில் ஒரு வண்ணம், உதாரணமாக அடர் பச்சை. காய்ந்ததும் மூலை, விளிம்பு, கைப்பிடியைச் சுற்றி மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மேலே இரண்டாம் வண்ணம், பால் வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். அது காய்ந்ததும் மெழுகு தேய்த்த இடங்களில் உப்புத்தாளை ஓட்டினால் வெள்ளை உதிர்ந்து பச்சை எட்டிப் பார்க்கும். நாங்கள் இதைச் செய்து காட்டியபோது ஒரு சகோதரி கேட்டார்: "புதுசாக்கத்தானே வந்தோம், மறுபடி பழசாக்குறீங்களே?" உண்மைதான். எல்லாருக்கும் இது பிடிக்காது. ஆனால் பிள்ளைகள் இடித்துக்கொண்டே இருக்கும் மேசை நாற்காலிக்கு இது நல்லது. புதிதாக ஒரு கீறல் விழுந்தாலும் வித்தியாசம் தெரியாது.

நான்காவது உலர் தூரிகை. காய்ந்த அடி வண்ணத்தின் மேல், பெயிண்ட் ஏறக்குறைய வற்றிப்போன தூரிகையை ஒரே திசையில் லேசாக இழுப்பது. மர ரேகை போன்ற கோடுகள் விழும். பட்டி வைத்த தழும்புகளை மறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

எதைச் செய்தாலும் கடைசியில் தண்ணீரில் கலக்கும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு. எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும். வெள்ளையின் மேல் அது அசிங்கமாகத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். அழகுக்காக என்று ஆயத்துகளையோ அல்லாஹ்வின் திருநாமங்களையோ மேசை, நாற்காலி, கட்டில்களில் தீட்ட வேண்டாம். கால் படும், தண்ணீர்க் குவளை வைப்பார்கள், நாளைக்கு உதிரும். பூவும் நட்சத்திரமும் போதும்.

எதற்குப் பூசக் கூடாது

தேக்கு, ஈட்டி மரத்தில் செய்த பழைய பெட்டகம், செதுக்கு வேலை உள்ள கட்டில், பித்தளைப் பூண் போட்ட பெட்டி, தலைமுறையாக வந்த ரைஹால் பலகை இவற்றுக்குப் பெயிண்ட் வேண்டாம். சுத்தம் செய்து பாலிஷ் மட்டும் போடுங்கள். ஒருமுறை பூசிவிட்டால் செதுக்கலின் பள்ளங்களிலிருந்து அதை எடுப்பது பெரும் பாடு. தண்ணீரில் ஊதிய மரத்தூள் பலகைக்குப் பூசுவதும் வீண். அது திரும்பி வராது. தொட்டில் என்றால் பிள்ளை கடிக்கும் என்பதை நினைத்து ஈயமில்லாத பெயிண்டை மட்டும் பூசி, நன்றாக இறுகிய பிறகே பிள்ளையைப் போடுங்கள்.

இரும்பு பீரோ வைத்திருப்பவர்கள் துருவை உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்து, துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். இரும்பை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் கடற்கரை ஊரில் மறுபடி துரு பிடிக்கத் தொடங்கிவிடும். பிறகு எனாமல் இரண்டு பூச்சு. ஸ்டென்சில் வேலை இதற்கும் அப்படியே பொருந்தும்.

அலமாரி என்ன ஆனது?

முதலில் அடித்த வெள்ளையைப் பட்டித் தகட்டால் உரித்தெடுக்கவே ஒரு நாள் போயிற்று. கழுவ, காய, தேய்க்க, அரக்கு, பட்டி, பிரைமர் என்று ஐந்து நாள். வண்ணமும் நட்சத்திரமும் இரண்டு நாள். மீதி ஒரு வாரம் கதவைத் திறந்து போட்டுக் காய விட்டோம். இளம்பச்சை, கதவுகளின் நடுவில் வெள்ளையில் எட்டு முனை நட்சத்திரம். இரண்டு நட்சத்திரம் கொஞ்சம் கோணல். அது எங்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தோம். மணமகளுக்கும் தெரிந்திருந்தது. "அது அப்படியே இருக்கட்டும் லாத்தா" என்றாள்.

நிக்காஹ் அன்று யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று அந்தத் தாய்க்கு மட்டுமல்ல, எங்களுக்கும் உள்ளுக்குள் படபடப்புத்தான். ஒருவர், "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டார். "எங்க உம்மா வாங்குனது" என்று அந்தத் தாய் சொன்னபோது அவருடைய குரலில் கூச்சம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அவர் அந்தக் கடனை வாங்கவில்லை. தவணையும் இல்லை. பெண்ணோடு சாமான் அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்பது நம் ஊர் கூடிப் பேச வேண்டிய தனி விஷயம். அதை நிச்சயம் பேச வேண்டும். அதுவரை, கடன் கேட்டு வரும் ஒவ்வொரு தாயிடமும், "வீட்டில் பழைய மரச்சாமான் ஏதாவது இருக்கிறதா?" என்று முதலில் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நாம், உள்ளறையில் நிற்கும் நல்ல மரத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு கருவிப் பெட்டி வைத்திருக்கிறோம். தூரிகைகள், பட்டித் தகடு, தேய்க்கும் கட்டை, பத்து வகை ஸ்டென்சில் எல்லாம் அதில் இருக்கின்றன. பெயர் எழுதிவிட்டு இரவல் எடுத்துப் போகலாம், கட்டணம் கிடையாது. ஒரே நிபந்தனை: தூரிகையைக் கழுவித் திருப்பித் தாருங்கள். கழுவாத தூரிகை மறுநாள் விளக்குமாறு ஆகிவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் சின்ன முக்காலியில் தொடங்குங்கள், அலமாரியில் அல்ல. நாங்கள் அலமாரியில் தொடங்கிப் பட்டதைத்தான் கேட்டீர்களே!

போன மழைக்காலத்தில் அந்தப் பெண் போன் செய்தாள். "லாத்தா, கதவு லேசா இறுக்குது." ஓரத்தில் மெழுகுவர்த்தி தேய்க்கச் சொன்னோம். சரியாகிவிட்டதாம்.

நம் வீடுகளில் பரக்கத்தையும், நம் கைகளுக்குப் பயனுள்ள வேலையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.